கங்குல புகை ஏது

கதவைச் சாத்துங்க தம்பி, முதல்ல கதவைச் சாத்துங்க. மேகம் உள்ள வந்துச்சுன்னா லேசுல வெளிய போகாது. நீங்க வாங்கம்மா, இப்படி வந்து உக்காருங்க. பாப்பாவைக் கொடுங்க, நான் வச்சுக்கிறேன். வேண்டாமா? சரி சரி, புது முகம், மிரளும். உங்க மடியிலயே இருக்கட்டும்.

கண்டக்டர் சொல்லித்தான வந்தீங்க? "இன்னாசி வீட்ல கேளுங்க"ன்னு கைகாட்டி விட்டிருப்பாரு. இந்த வளைவுல மரம் விழுந்துச்சுன்னா பஸ்ஸுல வர்றவுகளுக்கு என் வீடுதான் சத்திரம். முன்னெல்லாம் மழைக்காலத்துல மாசத்துக்கு ரெண்டு குடும்பமாவது வந்து தங்கும். விடிஞ்சுதான் ரம்பத்தோட ஆள் வருவாக. எட்டு மணிக்கு நானே உங்களைக் கூட்டிட்டுப் போயி ஏத்திவிடுறேன். காசு கீசுன்னு பேச்செடுக்காதீங்க, எனக்குக் கோவம் வந்துரும்.

கஞ்சி சூடா இருக்கு, குடிங்க. ஊறுகாய் சுமார்தான், நான் போட்டது. அவ போட்டதுன்னா நீங்க இன்னொரு தட்டுக் கஞ்சி கேட்டிருப்பீங்க.

அவன்னா என் வீட்டுக்காரி. அருளாயி. அந்தா, மாதா படத்துக்குப் பக்கத்துல மாலை போட்டு மாட்டியிருக்கேன் பாருங்க. போன ஜனவரி ஒம்பதாந்தேதி போயிட்டா. இன்னும் மூணு வாரத்துல வருஷம் திரும்புது. நாப்பத்தாறு வருஷம் கூட இருந்தவ. இந்த வீட்ல அவ இல்லாம இருக்கறது எனக்குப் பிடிக்கல தம்பி. சொல்றதுக்கு என்ன வெக்கம், பிடிக்கல.

நீங்க மூணு பேரும் உள் ரூம்ல படுத்துக்குங்க. நான் அடுப்பங்கரையில படுத்துக்குவேன். ஒரு வருஷமா அங்கதான் படுக்கறேன். பயமா? எனக்கென்ன பயம்? அது ரெண்டு ஆளு கட்டில். ஒத்த ஆளு படுத்தா குளிருது, அம்புட்டுதான். அவ போனதுக்கப்புறம் அந்த ரூம்ல படுக்கப் போற முதல் ஆளுக நீங்கதான்.

வாங்க, ரூமைக் காட்டுறேன். தலை இடிச்சுக்காதீங்க. எப்படி இருக்கு? வெளிய காத்து இந்தக் கத்துக் கத்துது, இங்க ஒரு சொட்டு வருதா? ஜன்னலைப் பாருங்க, மூணு அடுக்குப் பேப்பர். மைதாப் பசை நானே காச்சி ஒட்டினது. வலது மூலையில மட்டும் வேற பேப்பரா இருக்கும், அது அப்புறம் ஒட்டினது, அதைப் பாக்காதீங்க. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவுல பூராவும் பழைய துணி. கதவுக்கு அடியில சாக்கு. ஊசி போக இடம் இருக்காது.

பாப்பாவுக்காக ஒரு கணப்பும் போட்டுத் தரேன். கொல்லையில இரும்புச் சட்டியில கரி பத்திக்கிட்டு இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், கறுப்பு போகணும். அதுவரைக்கும் கட்டில்ல உக்காந்து பேசிக்கிட்டு இருப்போம்.

கணப்பு போடறதுல இந்த மேல்மலையில என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பீத்தல்னு நெனைக்காதீங்க. மில்லு முதலாளி ஒருத்தருக்கு ஏரிக்கு மேல பங்களா இருந்துச்சு, அங்க முப்பத்தஞ்சு வருஷம் வேலை பாத்தேன். எட்டு ரூம், எட்டு கணப்படுப்பு. சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிச்சா ஆறு மணிக்குள்ள எட்டும் எரியணும். சேந்த முதல் வாரத்துல ஒரு ரூம்ல புகை மண்டிருச்சு. ஈர விறகு. முதலாளி பேத்தி கண்ணைக் கசக்கிக்கிட்டு இருமிக்கிட்டே வெளிய ஓடி வந்துச்சு. மானேஜர் அம்புட்டுப் பேருக்கு முன்னால என் கன்னத்துல ஒண்ணு விட்டாரு. எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. இனிமே என் கையால போட்ட நெருப்புல புகை வரக்கூடாதுன்னு அன்னைக்கு நெனச்சேன். வரல. அதுக்கப்புறம் அந்தப் பங்களாவுல ஒருத்தர் கண்ணு கலங்கல.

ரகசியம் ஒண்ணுமில்ல தம்பி. விறகு வேண்டாம், கரி. அதையும் வெளிய வச்சுப் பத்தவைக்கணும். அவசரப்பட்டு உள்ள கொண்டுவந்தா புகையும். பொறுமையா இருந்தோம்னா கறுப்பு அம்புட்டும் போயி, மேல வெள்ளையா சாம்பல் பூத்து, உள்ள செக்கச்செவேல்னு நிக்கும். அதுதான் கங்கு. கங்குல புகை ஏது? மூக்கைக் கிட்ட வச்சாலும் வாசம் தெரியாது. பங்களாவுல புகைபோக்கி எதுக்கு வச்சாக? புகை போறதுக்கு. புகையே இல்லைன்னா போக்கி எதுக்கு? நீங்களே சொல்லுங்க.

இருங்க, கரியைப் பாத்துட்டு வந்துடறேன்.

இன்னும் பாதி கறுப்பு கிடக்கு. விசிறிவிட்டு வந்திருக்கேன்.

எங்க விட்டேன்? ஆங், அருளாயி. போன வருஷம் ஐப்பசி மழை பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. அவளுக்கு இருமல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா நெஞ்சுல குழாயை வச்சுப் பாத்துட்டு, "சளி கட்டியிருக்கு, வயசாயிருச்சு, குளிர் படாம பாத்துக்குங்க"ன்னாக. என்னைப் பாத்துத்தான் சொன்னாக. அவகிட்ட சொல்லல, என்கிட்டத்தான் சொன்னாக. அப்ப பாத்துக்க வேண்டியது யாரு பொறுப்பு?

மறுநாளே வேலையை ஆரம்பிச்சேன். ரெண்டு நாள் ஆச்சு ரூமை அடைக்க. அவ இதே கட்டில்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. "ஏங்க, என்னைப் பெட்டியில வச்சு அடைக்கிற மாதிரி அடைக்கிறீகளே"ன்னா. நாக்குல சனி அவளுக்கு. ஜன்னல்ல ஒரு கதவை மட்டும் திறக்கிற மாதிரி விட்டு வச்சேன், காலை வெயில் வரட்டுமேன்னு. அதுதான் நான் செஞ்ச தப்பு. அந்த ஒத்தக் கதவை வச்சுத்தான் எங்க ரெண்டு பேருக்கும் மூணு மாசம் சண்டை.

நாலு மணிக்கு மேகம் இறங்கும். நான் கணப்பை உள்ள கொண்டுவந்து வச்சு, கதவைச் சாத்தி, சாக்கைப் போடுவேன். ரெண்டு பேரும் போர்வையைப் போத்திக்கிட்டு இங்கதான் உக்காந்திருப்போம். சுடுதண்ணி குடிப்போம், ரேடியோ கேப்போம், ஆறு மணிக்கு செபமாலை சொல்லுவோம். சொர்க்கம் மாதிரி இருக்கும் தம்பி. ஆனா அவளுக்கு அது பிடிக்கல. ஒரு மணி நேரம் ஆகாது, "தலை விண்ணு விண்ணுங்குது"ம்பா. "குமட்டுது"ம்பா. "கொக்கியை எடுத்து விடுங்க, காத்து வரட்டும்"பா. நான் நெத்தியில தைலத்தைத் தேச்சு விடுவேன். நான் ஒண்ணுக்குப் போறதுக்கு எந்திரிச்சா போதும், திரும்பி வர்றதுக்குள்ள ஜன்னலைத் திறந்து வச்சுட்டு மூக்கை வெளிய நீட்டிக்கிட்டு நிப்பா. சளி பிடிச்ச பொம்பள செய்யற வேலையா அது?

"என்னடி இது?"ன்னு கேட்டா, "பூனை உள்ள வரணும்ல"ம்பா.

அந்தப் பூனை அதுக்கு மேல. அவ சோறு வச்சு வளத்தது. இம்புட்டுக் கதகதப்பான ரூம்ல ஒரு நிமிஷம் இருக்காது. தூக்கிட்டு வந்து போட்டாலும் கதவுகிட்டப் போயி பிராண்டிக்கிட்டுக் கத்தும். நன்றிகெட்ட ஜென்மம், மழையில நனைஞ்சுக்கிட்டு விறகுக்கட்டை மேல படுத்திருக்கும்.

செபமாலை சொல்றதுலயும் அவளுக்கு மறதி வந்துருச்சு. பத்து அருள்நிறை மந்திரம் சொல்லணும். எட்டுல நிறுத்திருவா, இல்லைன்னா பன்னெண்டுக்குப் போயிருவா. சின்ன வயசுல இருந்து அவதான் கோயில்ல முன்னால நின்னு சொல்றவ. "மணி கையில இருக்கு, எண்ணத் தெரியலையா"ன்னு சத்தம் போட்டேன். மணியையே பாத்துக்கிட்டு இருந்தா, கண்ணுல தண்ணி வந்துருச்சு. இப்ப நெனச்சா கஷ்டமாத்தான் இருக்கு. அன்னைக்கு எனக்கும் எரிச்சல். எனக்கும் சாயங்காலமானா தலை கனக்கும்தான். நான் யாருகிட்டயாவது சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனா?

நடிப்புன்னு எப்பக் கண்டுபிடிச்சேன்னு சொல்றேன், கேளுங்க. நவம்பர் ரெண்டு கல்லறைத் திருநாள். கல்லறை எங்க இருக்கு தெரியுமா, அந்த மேட்டு உச்சியில. காத்து ஆளைத் தள்ளும். அவ எங்க மாமியாருக்கும் மாமனாருக்கும் மெழுகுவத்தி ஏத்தி, அணைஞ்சு போக மறுபடி ஏத்தி, ரெண்டு மணி நேரம் நின்னா. முக்காட்டைக் கூட ஒழுங்காப் போடல. தலைவலின்னு ஒரு வார்த்தை வரல. வீட்டுக்கு வந்து கணப்புக்கிட்ட உக்காந்து முக்கால் மணி நேரம் ஆகல, ஆரம்பிச்சுட்டா, "தலை வலிக்குது."

அப்புறம் நவம்பர் நடுவுல எங்க மக பிலோமினா வந்தா. ஒத்தப் பிள்ளை. வத்தலக்குண்டுல கட்டிக்கொடுத்திருக்கு. "அம்மா முகமே சரியில்ல, ஒரு வாரம் கொண்டுபோயி வச்சிருக்கேன்பா"ன்னு கூட்டிட்டுப் போனா. மூணாம் நாள் போன் பண்றேன், சிரிக்கிறா தம்பி. "தலைவலி போன இடம் தெரியலங்க, நல்லாச் சாப்பிடறேன்"ங்கிறா. மக வீட்டுக்குப் போனா தலைவலி போயிரும், புருசன் வீட்டுக்கு வந்தா வந்துரும். இதுக்கு என்ன அர்த்தம்? கீழ போயி மகளோட இருக்கணும்னு ஆசை, அதை நேராச் சொல்லத் தைரியம் இல்ல. அவ திரும்பி வந்த பிறகு நாலு நாள் அவகூட முகம் கொடுத்துப் பேசல.

பாப்பா தூங்கிருச்சா? தூங்கட்டும். போர்வையை நல்லா இழுத்து விடுங்கம்மா. இன்னும் ஒரு கால் மணி நேரம், கங்கு தயாராயிரும்.

டிசம்பர் பிறந்துச்சு. எங்க பழக்கம் என்னன்னா, கிறிஸ்மஸுக்கு முன்னால வாசல்ல நட்சத்திரம் கட்டுவோம். காகிதத்துல, உள்ள பல்பு போட்டு. இந்த வீட்ல பிளக்கு இருக்கறது இந்த ஒரு ரூம்லதான். வயரை ஜன்னல் வழியா விட்டுத்தான் வெளிய கொண்டுபோகணும். வயர் போனா ஜன்னல் கதவைச் சாத்த முடியாது, ரெண்டு விரல் அகலத்துக்குச் சந்து நிக்கும். எனக்குத் தெரியும் அவ திட்டம். "இந்த வருஷம் நட்சத்திரம் வேண்டாம்"னேன். "நாப்பத்தஞ்சு வருஷம் கட்டினது, இந்த வருஷம் மட்டும் ஏசுநாதர் பிறக்க வேண்டாமா?"ன்னா. கட்டினேன்.

சந்துல துணியை அடைச்சேன். அவ எடுத்துட்டா. மறுபடி அடைச்சேன், மறுபடி எடுத்துட்டா. சரி, பண்டிகை நாளும் அதுவுமா எதுக்குச் சண்டைன்னு விட்டுட்டேன். அந்த ஒரு மாசம் தம்பி, அவ பழைய அருளாயி. தலைவலி இல்ல, குமட்டல் இல்ல. அதிரசம் சுட்டா, குடில் ஜோடிச்சா. செபமாலையில ஒரு மணி தப்பல. பத்துன்னா பத்து. நட்சத்திரம் கட்டினா தலைவலி போயிருமா? நினைச்சது நடந்துச்சுன்னா பொம்பளைக்கு எல்லா நோவும் போயிரும்னு நான் நெனச்சேன்.

ராஜாக்கள் திருநாள் வரைக்கும் நட்சத்திரத்தை இறக்கக் கூடாதுன்னுட்டா. ஜனவரி ஆறு. "அதுக்குள்ள இறக்கினா மூணு ராஜாக்களுக்கும் வழி தெரியாமப் போயிரும்"னா. "ஆமா, மூணு பேரும் நம்ம ஜன்னல் சந்து வழியாத்தான் பெத்லகேம் போறாக"ன்னேன். வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சா. அவ சிரிச்சு நான் பாத்தது அதுதான் கடைசி.

ஆறாந்தேதி பூசை முடிஞ்சு வந்து நட்சத்திரத்தை இறக்கினேன். "இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமேங்க"ன்னா. "ராஜாக்கள் வந்து போயாச்சு"ன்னேன். அன்னைக்குக் காலையில புல்லு மேல எல்லாம் உறைபனி, உப்புக் கொட்டின மாதிரி வெள்ளையா கிடந்துச்சு. வருஷத்துலயே மோசமான குளிர் அந்த வாரம். நான் அந்த ஒத்த ஜன்னல் கதவைச் சாத்தி மூணு ஆணி அடிச்சேன். அதுக்கு மேல பேப்பரை ஒட்டினேன். ஒரு வேலை முடிஞ்ச திருப்தி எனக்கு. அவ பசை காயறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா.

ஏழாந்தேதி தலைவலி. எட்டாந்தேதி வாந்தி. நான் காதுல வாங்கல.

ஒம்பதாந்தேதி அவ மருந்து தீந்துபோச்சு. பன்னெண்டு மணி பஸ்ஸுக்கு டவுனுக்குக் கிளம்பினேன். "கணப்பு வேண்டாங்க, நான் அடுப்பங்கரையில அடுப்புக்கிட்ட இருந்துக்கறேன்"னா. அடுப்பங்கரைக் கூரையில ஓட்டை, குளிரு ஊசியா இறங்கும். விடுவேனா? கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து இதே இடத்துல படுக்க வச்சு ரெண்டு கம்பளியைப் போத்தினேன். நான் வர நேரமாகும்ல, அதனால ரெண்டு மடங்கு கங்கு போட்டேன். நல்ல கங்கு. ஒரு துண்டு கறுப்பு கிடையாது. வெளிய போயி கதவைச் சாத்தி, சாக்கை வெளிப்பக்கமா வச்சு அடைச்சுட்டுப் போனேன்.

பனிமூட்டத்துல பஸ்ஸு ஊர்ந்துதான் வந்துச்சு. வீட்டுக்கு வர மணி ஆறு. "அருளாயி, மருந்து வாங்கியாந்துட்டேன்"னு சொல்லிக்கிட்டேதான் கதவைத் திறந்தேன். கட்டில்ல படுத்திருந்தா. தூங்கற மாதிரியே. முகம் செக்கச்செவேல்னு இருந்துச்சு. இருபது வருஷமா அவ முகத்துல அப்படி ஒரு நிறத்தை நான் பாக்கல. கல்யாணத்தன்னைக்கு இருந்த மாதிரி இருந்தா. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பரவாயில்லையே, கணப்பு நல்லா வேலை செஞ்சிருக்குன்னு நெனச்சேன்.

ஒரு நிமிஷம். கரி ஆயிருக்கும், பாத்துட்டு வரேன்.

ஆமா, வெள்ளை பூத்துருச்சு. இன்னும் ரெண்டு மூணு துண்டுதான் கறுப்பு. சட்டியைத் தூக்கிட்டு வரத் துணி எங்க வச்சேன்?

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி அறுத்துப் பாத்தாக. ஒரு டாக்டர், சின்னப் பையன், மீசை கூட ஒழுங்கா வளரல, அவரு என்னை உக்கார வச்சு சொன்னாரு. கரியில இருந்து ஒரு விஷக்காத்து வருமாம். கண்ணுக்குத் தெரியாதாம், வாசம் கிடையாதாம், அடைச்ச ரூம்ல ஆளைக் கொன்னுருமாம். தலைவலி வரும், குமட்டும், புத்தி தடுமாறும்னாரு. "புகை இருந்துச்சா?"ன்னு நான் கேட்டேன். "புகை தேவையில்லங்க"ன்னாரு. கண்ணுக்கும் தெரியாம மூக்குக்கும் தெரியாம ஒண்ணு இருக்குன்னா அதை நம்பறதுக்கு, அது என்ன தேவனா? முப்பத்தஞ்சு வருஷம் நெருப்போட கிடந்தவன்கிட்ட, புஸ்தகத்துல படிச்சவர் வந்து சொல்றாரு. அவ நெஞ்சுச் சளியிலதான் போனா. ஒரு மாசம் அந்தச் சந்துல இருந்து வந்த குளிர் நெஞ்சுல இறங்கி, கடைசியில ஆளை முடிச்சிருச்சு. நான்தான் கூட இருந்தேன், எனக்குத் தெரியாதா?

பிலோமினா டாக்டர் சொன்னதை நம்பிட்டா. அதைத்தான் தம்பி என்னால தாங்க முடியல. அடக்கத்தன்னைக்கு, மண்ணு போடறதுக்கு முன்னால, அம்புட்டுச் சனமும் நிக்குது, சாமியார் நிக்கிறாரு, "நீங்கதான்பா அம்மாவைக் கொன்னுட்டீங்க"ன்னு கத்தினா. பெத்த அப்பனைப் பாத்துப் பேசற பேச்சா? அவ அம்மாவுக்காகத்தான அம்புட்டையும் செஞ்சேன்? குளிர் படாம பாத்துக்கச் சொன்னாக, பாத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் அவ வரல. போன் பண்ணினா எடுக்கறதில்ல. பேரப்பிள்ளை குரலைக் கேட்டு ஒரு வருஷம் ஆச்சு. இந்த வருஷம் நட்சத்திரமும் கட்டல. அந்தா, பரண்மேல அட்டைப்பெட்டியில கிடக்கு.

சரி, என் கதை இருக்கட்டும். கங்கு தயார். கொண்டுவரேன், வழி விடுங்க.

பாத்தீங்களா? எப்படி நிக்குது பாருங்க, ஒரு பொட்டு புகை இருக்கா? கட்டிலுக்குப் பக்கத்துல வைக்கிறேன், பாப்பா பக்கமா. கையைக் காட்டுங்க தம்பி, எவ்வளவு இதமா இருக்கு. நான் போகும்போது வெளிய சாக்கை வச்சு அடைச்சுட்டுப் போறேன், காலையில வந்து...

ஏம்மா எந்திரிச்சுட்டீங்க? பாப்பாவை ஏன் எழுப்புறீங்க, நல்லாத் தூங்குதே. தம்பி, நீங்க சொல்லுங்க அவுககிட்ட. ஜன்னல்கிட்ட எதுக்குப் போறீங்க? அது வராதும்மா, ஆணி அடிச்சது. கிழிக்காதீங்க, பேப்பரைக் கிழிக்காதீங்க, மூணு அடுக்கு, ரெண்டு நாள் வேலை. புள்ளைக்குக் குளிர் ஏறிரும். டாக்டரம்மா என்கிட்டத்தான்...

என்ன கேட்டீங்க?

அதான் சொன்னேனே, அந்த மூலை அப்புறம் ஒட்டினதுன்னு.

எப்பன்னா, அப்புறம்.

ஏம்மா அப்படிப் பாக்கறீங்க? அருளாயியும் இப்படித்தான். பாத்துக்கிட்டே நிப்பா.

சரி. நீங்க யாரோ, காலையில போயிருவீங்க. போலீஸ்காரருகிட்டயும் நான் இதைச் சொல்லல. பிலோமினாகிட்ட சொல்லல. பாவசங்கீர்த்தனத்துல சாமியாருகிட்ட சொல்லலாம்னு மூணு தடவை முட்டி போட்டேன், வாய் வரல.

அவ கட்டில்ல இல்ல. நான் கதவைத் திறந்தப்ப ஜன்னலுக்குக் கீழ கிடந்தா. இந்தா, இப்ப நீங்க நிக்கிற இடத்துல. கம்பளி ரெண்டும் பாதி வழியில கிடந்துச்சு. நகத்துக்குள்ள பூராவும் பேப்பரும் பசையும். அந்த மூலையில, நட்சத்திர வயர் போன இடத்துல, ஒரு கை அகலத்துக்குக் கிழிச்சிருந்தா. ஆணி வரைக்கும் வந்துட்டா. அதுக்கு மேல முடியல. கங்கு அவிஞ்சு சாம்பலா கிடந்துச்சு.

நான்தான் தூக்கிக் கட்டில்ல போட்டேன். சேலையைச் சரி பண்ணினேன். ஊக்கை வச்சு நகத்தை ஒவ்வொண்ணா சுத்தம் பண்ணினேன். பத்து விரலும். அப்புறம் அடுப்பைப் பத்தவச்சு பசை காச்சி, அந்த மூலையை ஒட்டினேன். அதுக்கப்புறம்தான் வெளிய போயி ஆளைக் கூப்பிட்டேன். நான் பாத்துப் பாத்து அடைச்சதை அவ கிழிச்சுக்கிட்டுச் செத்தான்னு ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு நெனச்சேன். அது மட்டும்தான் அப்ப மண்டையில ஓடுச்சு.

என்னைக் கூப்பிட்டிருப்பாளா தம்பி? நீங்க படிச்சவரு. அந்தக் காத்து உள்ள போனா சத்தம் போட முடியுமா, முடியாதா? எம்புட்டு நேரம்... வேண்டாம். வேண்டாம், சொல்லாதீங்க.

சட்டியை எடுத்துக்கிட்டுப் போறேன். கொல்லையில தண்ணியை ஊத்தி அணைச்சுடறேன். அடுப்பங்கரையில என் கம்பளி இருக்கு, அதையும் கொண்டுவந்து தரேன், பாப்பாவை ரெண்டு பேருக்கும் நடுவுல போட்டுக்குங்க. கதவு திறந்தே இருக்கட்டும். பூனை வந்தாலும் வரும், ஒண்ணும் செய்யாது.

இந்தாங்க தம்பி, குறடு. ஆணி மூணுதான்.

கிழிங்கம்மா. அந்த மூலையில இருந்து ஆரம்பிங்க. அவ அங்க இருந்துதான் ஆரம்பிச்சா.